இணையவழி முதுகலையில் வரலாறும் பண்பாடும்: பாடநூலிலிருந்து மூலச்சான்றுக்கு

இளங்கலையில் படித்த செய்திகளையே இன்னும் விரிவாகப் படிப்பதுதான் வரலாற்று முதுகலை என்று எண்ணிச் சேருவோர் பலர். சேர்ந்த பின்னர், முதல் பருவத்திலேயே அவர்களுக்குத் தடுமாற்றம் ஏற்படுகிறது. சோழர் காலத்தில் ஊராட்சி எவ்வாறு நடந்தது என்ற கேள்விக்கு விடை தெரிந்திருந்தால் இளங்கலை மாணவருக்குப் போதும். முதுகலை மாணவரோ அந்த விடை எந்தக் கல்வெட்டிலிருந்து எடுக்கப்பட்டது, அதை வேறு விதமாகப் பொருள்கொள்ள இடமுண்டா, அப்படிப் பொருள்கொண்ட அறிஞர்கள் யாவர், அவர்களுள் எவருடைய வாதம் சான்றோடு நெருங்கி நிற்கிறது என்றெல்லாம் எடைபோட்டுச் சொல்லக் கடமைப்பட்டவர். கல்லூரிக்கு நேரில் சென்று படிப்பவருக்கு இந்தப் பழக்கம் கருத்தரங்க வகுப்புகளிலும், நூலக அடுக்குகளுக்கிடையே தற்செயலாகக் கைக்கு வரும் நூல்களிலும், கட்டுரையின் ஓரத்தில் ஆசிரியர் எழுதும் கேள்விக்குறிகளிலும், வகுப்பு முடிந்து தேநீர்க்கடையில் தொடரும் வாக்குவாதங்களிலும் சிறிது சிறிதாகப் படிந்துவிடுகிறது. இணையவழியில் படிப்பவருக்குக் காணொளியும் பாடப்பொருளும் ஒப்படைப்பும் வீடு தேடி வந்துவிடும். மேற்சொன்னவை மட்டும் வாரா. அந்த வெற்றிடத்தை மாணவர் தாமே எவ்வாறு நிரப்பிக்கொள்ளலாம் என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

சேருமுன் பார்க்க வேண்டியவை

இந்தியாவில் இவ்வகைப் படிப்புகளைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் நெறிப்படுத்துகின்றன. இவை தொலைநிலைக் கல்வியையும் இணையவழிக் கல்வியையும் தனித்தனியாக வகுத்திருக்கின்றன. அச்சிட்ட பாடநூலும் கற்றல் மையமும் அவ்வப்போது நேர்முக வகுப்புகளும் உடையது தொலைநிலைக் கல்வி. பாடம், கலந்துரையாடல், மதிப்பீடு ஆகியவை பெரும்பாலும் இணையத்தின் வழியே நடப்பது இணையவழிக் கல்வி. பேச்சுவழக்கில் இரண்டையும் 'கரஸ்' என்றே சொல்லிவிடுவதால், விண்ணப்பிக்கும்போது எதில் சேருகிறோம் என்பதே சிலருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. உரிய ஏற்பு பெற்ற நிறுவனங்கள் இவ்விரு முறைகளிலும் வழங்கும் பட்டங்கள் நேர்முறைப் பட்டங்களுக்கு இணையானவை என்று மானியக் குழு 2022இல் அறிவித்திருக்கிறது. ஆயினும் ஏற்பு என்பது பல்கலைக்கழகத்தின் பெயருக்கு ஒட்டுமொத்தமாக அளிக்கப்படுவதன்று. குறிப்பிட்ட படிப்புக்கு, குறிப்பிட்ட சேர்க்கைப் பருவத்துக்கு என்று அளிக்கப்படுவது. ஆகவே பணம் கட்டுமுன் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விக் குழுமம் வெளியிடும் பட்டியலில் அந்தப் படிப்பின் பெயரையும் பருவத்தையும் தேடிப் பார்த்து, அந்தப் பக்கத்தின் நகலைச் சேமித்து வைத்துக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டு அரசுப் பணியைக் கருதிப் படிப்பவர்கள், பத்தாம் வகுப்பு, மேல்நிலை இரண்டாம் ஆண்டு, இளநிலைப் பட்டம் என்ற வரிசை தங்கள் கல்விச் சான்றுகளில் முறையாக அமைந்திருக்கிறதா என்பதையும், கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வை எண்ணுவோர் முதுகலையில் பொதுப்பிரிவினருக்கு 55 விழுக்காடு மதிப்பெண் தேவை என்பதையும் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும்.

சட்டம் சார்ந்த இந்தச் சரிபார்ப்பு அரைநாளில் முடிந்துவிடும். பாடத்திட்டத்தைச் சரிபார்ப்பதற்கு அதைவிட அதிக நேரம் ஒதுக்க வேண்டும். வரலாற்று வரைவியல் என்ற தாள் இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். கடந்த காலத்தைப் பற்றி எழுதியவர்கள் எந்தக் காலத்தில், எந்த நோக்கத்தோடு, எந்தச் சான்றுகளைக் கொண்டு எழுதினார்கள் என்று ஆராய்வது அந்தத் தாள். ஆய்வேடு உண்டா என்பது அடுத்து. இவ்விரண்டும் இல்லாத வரலாற்று முதுகலை, பட்டம் என்ற அளவில் பயன்படலாமே தவிர, வரலாற்றைக் கற்பிக்கும் படிப்பாகாது. கட்டணம் சற்றுக் கூடுதலானாலும் இவை உள்ள படிப்பையே தேர்ந்தெடுப்பது தக்கது. தமிழில் தேர்வு எழுத இயலுமா என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஆங்கில நூல்களைப் படிக்காமல் இந்தப் படிப்பை முடிக்க முடியாது என்பது உண்மையே. அதற்காகத் தமிழில் எழுதும் மாணவர் தம்மைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. தென்னிந்திய வரலாற்றின் மூலச்சான்றுகளில் மிகப் பெரும் பகுதி தமிழில் உள்ளது. மொழிபெயர்ப்பின் துணையின்றி அவற்றை நெருங்கக் கூடியவர் அவர்.

நேரத்தின் கணக்கு

கிரெடிட் எனப்படும் மதிப்பலகு ஒன்றுக்கு 30 மணிநேரப் படிப்பு என்பது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பின்பற்றும் கணக்கு. அதன்படி 4 மதிப்பலகு உடைய ஒரு தாளுக்கு 120 மணிநேரமும், ஒரு பருவத்துக்கு அத்தகைய தாள்கள் நான்கு என்று கொண்டால் 480 மணிநேரமும் ஆகின்றன. இதை 20 வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரத்துக்கு 24 மணிநேரம். வேலைக்குச் செல்பவரோ வீட்டுப் பொறுப்புகளைச் சுமப்பவரோ இந்த 24 மணிநேரத்தை எங்கிருந்து எடுக்கப்போகிறார் என்பதைச் சேருமுன்னரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். எழுத முடியவில்லை என்றால், குறைந்தபட்சக் காலமான 2 ஆண்டுகளில் முடித்தே தீருவது என்ற எண்ணத்தை விட்டு, விதிகள் அனுமதிக்கும் கூடுதல் ஆண்டுகளைப் பயன்படுத்திக்கொள்வதில் தவறில்லை. கிடைக்கும் நேரத்தைத் தினமும் அரைமணி என்று துண்டுதுண்டாக்கிக்கொள்வது இந்தப் பாடத்துக்கு ஒத்துவருவதில்லை. மூலச்சான்று ஒன்றை வாசித்துக் குறிப்பெடுக்கக் குறைந்தது 3 மணிநேரம் இடையூறின்றி உட்கார வேண்டியிருக்கும். ஆகையால் வாரத்தில் ஒரு முழு அரைநாளைச் சான்று வாசிப்புக்கென்றே ஒதுக்கிவிட்டு, காணொளிகளையும் பாடப்பொருளையும் மற்ற நாட்களின் சிறு பொழுதுகளில் பார்த்துக்கொள்ளலாம்.

பாடப்பொருளை வாசிக்கும் முறை

பல்கலைக்கழகம் தரும் பாடப்பொருள் 'தன்கற்றல்' முறையில் எழுதப்படுகிறது. அதாவது, ஆசிரியர் அருகில் இல்லாத மாணவரை எண்ணிச் சிறு அலகுகளாகப் பிரித்து, இடையிடையே கேள்விகளோடு அமைக்கப்படுவது. தொலைவிலிருந்து படிப்பவருக்கு இது பெரும் உதவி. ஆனால் எல்லாக் கருத்துகளையும் ஒரே நிதானமான குரலில் சொல்லிச் செல்வது இந்த நடையின் இயல்பாகையால், 50 ஆண்டுகள் நீடித்த கடும் விவாதம்கூட அதில் இரண்டு பத்திகளாகச் சுருங்கி, முடிந்துபோன செய்தியைப் போலத் தோன்றும். எனவே ஒவ்வோர் அலகையும் முதலில் ஒருமுறை முழுவதும் படித்துவிட்டு, இரண்டாம் முறை கையில் பென்சிலோடு உட்கார்ந்து, ஒவ்வொரு கூற்றின் அருகிலும் அது சான்றா, சான்றிலிருந்து பெற்ற முடிவா, அறிஞர் ஒருவரின் கருத்தா என்று குறித்துக்கொண்டே செல்ல வேண்டும். இரண்டு அலகுகளுக்கு இவ்வாறு செய்து பார்த்தாலே, சான்று என்று குறிக்கத்தக்க வரிகள் எவ்வளவு குறைவு என்பது விளங்கிவிடும். அலகின் இறுதியில் உள்ள நூற்பட்டியலைப் பலரும் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதிலிருந்து ஒரே ஒரு நூலையாவது தேடி எடுத்து, தொடர்புடைய இயலை மட்டுமாவது படிப்பது அந்தப் பட்டியல் முழுவதையும் மனப்பாடம் செய்வதைவிட மேலானது.

ஒரு கல்வெட்டை முன்வைத்து

சான்றை வாசிப்பது எப்படி என்பதைப் பொதுவாகச் சொல்வதைவிட, ஒரு கல்வெட்டை எடுத்துக்கொண்டு காட்டுவது பொருத்தமாக இருக்கும். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரு கல்வெட்டுகள் உள்ளன. ஆட்சியாண்டு என்பது அரசன் பட்டமேற்றது முதல் எண்ணப்படுவது. பராந்தகன் 907இல் பட்டமேற்றான் என்று கொள்வதால் இவை முறையே 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை என்று பொதுவாக எழுதப்படுகின்றன. அந்தணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊர் 'பிரமதேயம்' எனப்பட்டது. அத்தகைய ஊரின் நிலவுடைமையாளர் கூடும் அவை 'சபை'. சபையின் அன்றாட வேலைகளைப் பார்க்கும் சிறு குழுக்கள் 'வாரியங்கள்'. ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினர்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுப்பதற்கான விதிகளை இந்தக் கல்வெட்டுகள் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாக, பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டு, சபையார் அனைவரும் கூடியிருக்கும்போது ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர்.

இவ்வளவும் பள்ளிப் பாடநூலிலேயே உண்டு. முதுகலை மாணவரின் வேலை இதற்கு அடுத்துத் தொடங்குகிறது. முதலில் தகுதி விதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதிக்கொள்ள வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராக, சொந்த மனையில் வீடு கட்டியவராக, வேதக் கல்வி உடையவராக இருக்க வேண்டும் என்கிறது கல்வெட்டு. வேதமும் அதன் உரையும் நன்கு கற்றவராயின் அரைக்கால் வேலி நிலமே போதும் என்ற தளர்வும் உண்டு. முந்தைய 3 ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் இருக்கக் கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர். இவற்றை எழுதிய பிறகு, இந்த விதிகளால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யாவர் என்று மற்றொரு தாளில் எழுதினால், அந்த நிலத்தை உழுதவர்களும், அந்தணரல்லாதாரும், பெண்களும் அதில் வருவார்கள். கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் விலக்கிய விதி வியக்கத்தக்க நிர்வாக நுட்பம் உடையது என்பதும், அந்த நுட்பம் ஊரின் ஒரு சிறு வட்டத்துக்குள் இயங்கியது என்பதும் ஒரே கல்வெட்டிலிருந்தே பெறப்படுகின்றன. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை விட்டுவிடுகிற கட்டுரை, எந்தப் பக்கம் சாய்ந்தாலும் குறையுடையதே.

அடுத்து, இரு கல்வெட்டுகளையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். 919ஆம் ஆண்டுக் கல்வெட்டில் வயது வரம்பு 30 முதல் 60 வரை; 921இல் அது 35 முதல் 70 வரை என்று மாறியிருக்கிறது. இரண்டே ஆண்டுகளில் விதி திருத்தப்பட்டது என்றால், முதல் விதி நடைமுறையில் ஏதோ சிக்கலைத் தந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். அந்தச் சிக்கல் இன்னது என்று கல்வெட்டு சொல்லாத நிலையில், அதை ஊகமாகவே எழுத வேண்டும், உண்மையாக எழுதிவிடக் கூடாது. சபை இந்த முடிவை எடுத்தபோது அரசனின் ஆணைப்படி அதிகாரி ஒருவர் உடனிருந்தார் என்ற செய்தியும் இரண்டிலும் வருகிறது. ஊர் தன்னைத்தானே ஆண்டுகொண்டதா, அரசு மேலிருந்து ஒழுங்குபடுத்தியதா என்ற பெரும் கேள்விக்கு இந்த ஒரு செய்தியே வாயிலாகிறது.

அறிஞர்களின் நூல்களைத் திறக்க வேண்டிய நேரம் இதுவே. இதற்கு முன்னர் திறந்தால் அவர்களுடைய கண்ணாலேயே கல்வெட்டைப் பார்க்க நேரிடும். வி. வெங்கையா இந்தக் கல்வெட்டுகளைப் பற்றித் தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில் எழுதினார். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி 1930களில் வெளியிட்ட நூல்களில், வலிமை வாய்ந்த சோழப் பேரரசும் உயிர்ப்புள்ள ஊராட்சியும் ஒருங்கே நிலவியதாக ஒரு சித்திரத்தை வரைந்தார். தன்னாட்சி பற்றி நாடு முழுவதும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் அந்த நூல்கள் எழுதப்பட்டன என்பதை வாசகர் மறக்கலாகாது. 1980இல் வெளிவந்த தம் நூலில் பர்ட்டன் ஸ்டைன் அந்தச் சித்திரத்தை மறுத்து, அதிகாரத்தின் உண்மையான இருப்பிடம் 'நாடு' என்னும் வேளாண் வட்டாரமே என்றும், சோழ அரசனின் மேலாண்மை பெரும்பாலும் சடங்கு நிலையிலானது என்றும் வாதிட்டார். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகளில் வரும் பெயர்களையும் பட்டங்களையும் நில உடைமைச் செய்திகளையும் எண்ணிக் கணக்கிட்டு அந்த வாதத்தைச் சோதித்தனர். கோலாலம்பூரில் 1966இல் நடந்த முதலாவது உலகத் தமிழ் மாநாட்டில் கராஷிமா படித்த கட்டுரை, திருச்சிப் பகுதியின் அல்லூரையும் ஈசானமங்கலத்தையும் ஒப்பிட்டு, அந்தணரல்லாத வேளாண் மக்களின் ஊரில் நிலம் பொதுவிலும் பிரமதேய ஊரில் தனித்தனியாகவும் உடைமையாக இருந்ததைக் காட்டியது. இரண்டே ஊர்களை எடுத்துக்கொண்டு இவ்வளவு பெரிய கேள்வியைத் தொட முடியும் என்பதற்கு அது இன்றும் நல்ல முன்மாதிரி. ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர் அதை ஒருமுறையேனும் படித்திருக்க வேண்டும்.

மின்னூலகங்களில் தேடுதல்

வீட்டிலிருந்து படிப்பவருக்கு 20 ஆண்டுகளுக்கு முன் எட்டாக்கனியாக இருந்த சான்றுகள் பல இன்று திரையில் கிடைக்கின்றன. 1890 முதல் வெளிவரும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் பலவற்றின் மின்படிகள் இணையத்தில் உள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும், இலங்கைத் தமிழர் ஆவணங்களுக்கு 2005இல் தொடங்கிய 'நூலகம்' மின்னூலகத்தில் நூல்களும் செய்தித்தாள்களும் சிறப்பு மலர்களும், இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் ஆங்கிலேயர் காலக் கோப்புகளும் உள்ளன. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடப்பொருள்கள் 'இ-ஞானகோஷ்' களஞ்சியத்தில் எவரும் படிக்கக் கிடைப்பதால், வேறு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவரும் அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்களைக் கொண்டு 1994இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகம், 19, 20ஆம் நூற்றாண்டுத் தமிழ் அச்சுப் பண்பாட்டைப் படிப்பவர் தவிர்க்கக் கூடாத இடம். அங்கு நேரில் செல்லுமுன் அட்டவணையை இணையத்தில் பார்த்துத் தேவையான நூல்களின் பட்டியலோடு செல்வது பயண நாளை வீணாக்காமல் காக்கும்.

தேடுவதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். ஒரே ஊர் உத்திரமேரூர், உத்தரமேரூர், உத்தரமேரு சதுர்வேதிமங்கலம் என்று மூன்று விதமாக வரும். ஆங்கிலேயர் கோப்புகளில் தஞ்சாவூர் 'டாஞ்சூர்' என்றும் திருநெல்வேலி 'டின்னவேலி' என்றும் திருச்சி 'டிரிச்சினாபோலி' என்றும் இருக்கும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, றா போன்ற எழுத்துகள் பழைய வடிவில் இருப்பதாலும், படிகளின் அச்சு மங்கியிருப்பதாலும், கணினி தானாகப் படித்து உருவாக்கும் தேடுபகுதியில் பிழைகள் மலிந்திருக்கும். ஆகவே சொல்லைத் தட்டித் தேடிக் கிடைக்கவில்லை என்பதால் சான்று இல்லை என்று முடிவுகட்டிவிடாமல், பொருளடக்கத்தையும் பெயரகராதியையும் பக்கம் புரட்டிப் பார்க்க வேண்டும். கிடைத்த பக்கத்தைத் திரைப்பிடிப்பாகச் சேமிக்கும்போதே நூற்பெயர், தொகுதி, கல்வெட்டு எண், பக்க எண், பார்த்த நாள் ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து எண் தெரியாத 400 படங்களுக்கு நடுவே ஒரு மேற்கோளைத் தேடுவது, ஆய்வேடு எழுதும் மாதத்தையே தின்றுவிடும் வேலை. சோட்டெரோ போன்ற இலவச மேற்கோள் மென்பொருளை முதல் பருவத்திலேயே பழகிக்கொண்டால் இந்தச் சுமை பாதியாகும்.

ஆய்வேடு

இணையவழி மாணவருக்கு ஒரு பெரிய வாய்ப்பு உண்டு. அவர் ஊரை விட்டு வரவில்லை. அவர் வாழும் ஊரின் ஏரி, வாரச் சந்தை, மூடப்பட்ட திரையரங்கு, பழைய பஞ்சாலை, கோயில் திருவிழாவில் எந்தத் தெருவுக்கு எந்த முறை என்ற ஒழுங்கு ஆகிய எதுவும் ஆய்வுக்குரிய பொருளே. தலைப்பை மட்டும் சுருக்கிக்கொள்ள வேண்டும். 'தமிழகத்தில் நீர்ப்பாசனம்' என்பது ஒரு வாழ்நாள் வேலை. குறிப்பிட்ட ஓர் ஏரியின் மதகுகளை 1900 முதல் 1950 வரை யார் பழுதுபார்த்தார்கள், செலவை யார் ஏற்றார்கள் என்பது 6 மாதத்தில் முடிக்கக் கூடிய ஆய்வு. இதற்குரிய வருவாய்த்துறைக் கோப்புகளையும் நிலவரித் திட்டப் பதிவேடுகளையும் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். ஆய்வாளராக அனுமதி பெறப் பொதுவாகக் கல்வி நிறுவனத்தின் பரிந்துரைக் கடிதம் தேவைப்படும். தொலைவிலிருந்து படிப்பவருக்கு அந்தக் கடிதம் வந்து சேரவே வாரங்கள் ஆகலாம் என்பதால், தலைப்பு ஒப்புதல் பெற்ற அன்றே நெறியாளருக்கு எழுதிவிட வேண்டும்.

முதியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யும் வாய்மொழி வரலாற்றுக்கும் ஒழுங்கு உண்டு. பதிவு எதற்காக, எங்கே பயன்படும் என்பதைச் சொல்லி முன்கூட்டியே இசைவு பெற வேண்டும். பெயரை வெளியிட வேண்டாம் என்றால் அதை மதிக்க வேண்டும். 'முன்பெல்லாம் ஊர் எப்படி இருந்தது' என்று கேட்டால் எல்லோரும் ஒரே விடையைத்தான் சொல்வார்கள். மடை திறக்கும் முறை யாருக்கு இருந்தது, அதற்கு நெல்லாகக் கொடுத்தார்களா, எத்தனை மரக்கால், எந்த ஆண்டோடு அது நின்றது என்று கேட்டால், 80 வயதுப் பெரியவரின் நினைவு தானே திறந்துகொள்ளும். அவர் சொல்லும் ஆண்டு கோப்பில் உள்ள ஆண்டோடு பொருந்தாமல் போகலாம். அப்போது அவரைத் திருத்தாமல், இரண்டையும் அருகருகே எழுதி, அந்த வேறுபாடு ஏன் வந்திருக்கலாம் என்று ஆராய்வதற்கு ஒரு தனிப் பகுதியை ஒதுக்கலாம். ஆய்வேட்டில் பெரும்பாலும் மாணவருடைய சொந்தச் சிந்தனை வெளிப்படும் பகுதி அதுவே.

கட்டுரையின் பிரதிகளை வாரந்தோறும் வேறோர் இடத்தில் சேமிப்பதும், ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும்போது பேசியவரின் வட்டார வழக்கைத் திருத்தாமல் அப்படியே எழுதுவதும், நெறியாளரோடு நடக்கும் காணொளிச் சந்திப்புக்கு 2 நாள் முன்னதாகவே 5 பக்கமாவது அனுப்பிவிட்டு, கேட்க வேண்டிய மூன்று கேள்விகளைக் கையில் வைத்திருப்பதும் இறுதிப் பருவத்தின் வாராந்தர வேலைகள். முதல் வரைவை ஊரிலேயே விவரம் தெரிந்த ஒருவரிடம் படிக்கக் கொடுக்க வேண்டும். மதகின் பெயர் தவறு, அது வடக்கு மடை அன்று, கீழமடை என்று அவர் சுட்டிக்காட்டும் பிழை நூறு மைலுக்கு அப்பால் இருக்கும் நெறியாளர் கண்ணில் படாது.